குளத்தில் குடியிருக்கும் கிருமியை விரட்ட முடியுமா?



பெரியம்மை என்ற நோயை உங்களில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டது என்று 1980ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்தியாவில் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1975இல், அது மறைந்துவிட்டது. உங்கள் தாத்தா பாட்டியின் மேற்கையில் காணப்படும் அம்மை குத்திய தழும்பு ஒன்றுதான் இன்று அதற்கு அடையாளம்.

ஆனால் காலரா? 2022ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில், நம் புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவின. சிலருக்குக் காலரா என்பது சோதனையில் உறுதியாயிற்று. பொது சுகாதார அவசர நிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகளும் கல்லூரிகளும் மூன்று நாள் மூடப்பட்டன. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி மக்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. தட்டாஞ்சாவடியிலிருந்து காரைக்கால் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவுதான். பேருந்தில் அரை நாள் பயணம்கூட இல்லை.

பெரியம்மையை ஒழித்த மனிதனால் காலராவை ஏன் ஒழிக்க முடியவில்லை? தடுப்பூசி இல்லாததால் அன்று. மருந்து இல்லாததாலும் அன்று. இரண்டும் இருக்கின்றன. காரணம் வேறு. பெரியம்மை வைரசுக்கு மனித உடலைத் தவிர வேறு வீடு கிடையாது. அந்த ஒரு வீட்டின் கதவுகளையும் அடைத்ததும் அது அழிந்தது. காலராக் கிருமிக்கோ இரண்டு வீடுகள். ஒன்று மனிதனின் குடல். மற்றொன்று இயற்கை நீர். இந்த இரண்டாவது வீட்டைப் பற்றி நம்மில் பலர் அறியவில்லை. அதனால்தான் நோய் வரும்போது செய்ய வேண்டியதை விட்டுவிட்டு வேறு எதையோ செய்கிறோம் என்பது என் கருத்து. அதை உங்கள் முன் வைக்கிறேன். சரியா தவறா என்று நீங்களே எடை போட்டுப் பாருங்கள்.

கோக் கண்ட குளம்

1854ஆம் ஆண்டிலேயே இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் பிலிப்போ பாசினி என்பவர், காலராவால் இறந்தவர்களின் குடலில் இந்த நுண்ணுயிரைக் கண்டார். அன்று அவர் பேச்சைக் கேட்பார் இல்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கு வந்தார். 1884இல் கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். கால்புள்ளி போல் வளைந்திருந்ததால் அதற்குக் 'கால்புள்ளிக் கிருமி' என்றே பெயர் வழங்கிற்று. இன்று அதன் பெயர் விப்ரியோ காலரே. நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை 500 பங்காக்கினால் ஒரு பங்குதான் அது.

கோக் நோயாளியோடு நிற்கவில்லை. நோய் கண்ட பகுதியில் மக்கள் குடிக்கவும் குளிக்கவும் துணி துவைக்கவும் பயன்படுத்திய ஒரு குளத்து நீரையும் சோதித்தார். அங்கேயும் அதே கிருமி! நோயாளியின் துணியிலிருந்து குளத்துக்கும், குளத்திலிருந்து அடுத்தவர் வயிற்றுக்கும் கிருமி செல்கிறது என்பது தெளிவாயிற்று.

இதிலிருந்து ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. கிருமிக்கு உண்மையான வீடு மனிதக் குடல்தான். குளத்துக்கு அது வழி தவறி வந்த விருந்தாளி. சில நாளில் இறந்துவிடும் என்பதே அந்த எண்ணம். ஏறத்தாழ எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் உலகம் இதை நம்பியது.

நோயாளி இல்லாத இடத்தில் கிருமி

அந்த நம்பிக்கையை அசைத்தவர் ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி. 1970களில் அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவின் செசபீக் விரிகுடா நீரை ஆராய்ந்தார்கள். அந்தக் கரையில் காலரா நோயாளி எவரும் இல்லை. ஆயினும் நீரில் விப்ரியோ காலரே இருந்தது. நோயாளி இல்லாத இடத்தில் நோயாளியின் கிருமி எப்படி வந்தது? வரவில்லை, அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்தது என்பதே விடை.

ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் கழிமுகங்கள் இந்தக் கிருமிக்கு உகந்தவை. அரியாங்குப்பத்து ஆறு கடலைத் தொடும் இடத்தையோ, காரைக்காலில் அரசலாறு கடலில் விழும் இடத்தையோ நினைத்துக்கொள்ளுங்கள். இளஞ்சூடான, சற்றே உப்புக் கரிக்கும் நீர். அதில் மிதக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள். விப்ரியோ இனத்துக்கு இதைவிட நல்ல இடம் வேறு இல்லை.

இங்கே ஓர் உண்மையை மறக்கக்கூடாது. விப்ரியோ காலரேயில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. இயற்கை நீரில் காணப்படுபவற்றில் பெரும்பாலானவை கொள்ளைநோயை உண்டாக்குவதில்லை. ஓ1, ஓ139 என்ற இரு வகைகளில், நச்சை உண்டாக்கும் மரபணுக்களைக் கொண்டவையே ஊரைக் கலக்குகின்றன. அந்த நச்சு இருப்பதை 1959இல் கல்கத்தாவில் மெய்ப்பித்துக் காட்டியவர் சம்புநாத் டே என்ற நம் நாட்டு மருத்துவ அறிஞர்.

இறாலின் உறவினர் தரும் அடைக்கலம்

நீரில் கிருமி எப்படிப் பிழைக்கிறது? தனியாக அலைந்தால் அதற்கு ஆபத்துகள் பல. வெயில், பசி, அதைத் தின்னக் காத்திருக்கும் ஓரணு உயிர்கள், அதைத் தாக்கி அழிக்கும் பாக்டீரியோபேஜ் எனப்படும் வைரசுகள். ஆகவே அது ஒட்டிக்கொண்டு வாழ்கிறது.

கோபிபாட் என்று ஒரு மிதவை உயிரி உண்டு. இறாலின் தூரத்து உறவினர் என்று சொல்லலாம். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். கண்ணாடிக் குவளையில் குளத்து நீரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், வெட்டி வெட்டி நகரும் வெண்புள்ளிகளாக இவற்றைக் காணலாம். இதன் ஓடு கைட்டின் என்ற பொருளால் ஆனது. இறால் ஓடும் நண்டு ஓடும் அதே பொருள்தான். விப்ரியோ காலரே இந்த ஓட்டில் ஒட்டிக்கொண்டு, கைட்டினைச் செரிக்கும் நொதியைச் சுரந்து, அதையே உணவாக்கிக்கொள்கிறது. இருக்க இடமும் உண்ண உணவும் ஒன்றாகவே கிடைத்துவிடுகின்றன! ஒரே கோபிபாடின் மேல் 10,000 கிருமிகள் வரை இருக்கக்கூடும்.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. கைட்டின் மேல் வாழும்போது இந்தக் கிருமி தன்னைச் சுற்றிக் கிடக்கும் பிற கிருமிகளின் மரபணுத் துண்டுகளை உள்ளே இழுத்துக்கொள்ளும் திறன் பெறுகிறது. இது 2005இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. நச்சுக்கான மரபணுக்களோ ஒரு பாக்டீரியோபேஜ் வழியாக ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கின்றன என்று 1996இல் கண்டறியப்பட்டது. ஆக, நீர்நிலை அதற்கு வீடு மட்டுமன்று. புதுக் குணங்களைப் பெறும் பள்ளிக்கூடமும் ஆகும்.

புதுக் குணம் பெற்றால் என்ன ஆகும் என்பதை நம் தமிழ்நாடே பார்த்திருக்கிறது. 1992ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் சென்னையில் காலரா கண்டவர்களின் கிருமி, அதுவரை கொள்ளைநோய்க்குக் காரணமாக இருந்த ஓ1 வகையாக இல்லை. அது ஒரு புதுமுகம். பின்னர் அதற்கு ஓ139 என்று எண்ணும், வங்க விரிகுடாவை ஒட்டிப் பரவியதால் 'பெங்கால்' என்று பெயரும் இட்டார்கள். பழைய கிருமியின் வெளிப்போர்வை மரபணுக்கள் மட்டும் மாறிப் புதுப் போர்வை போர்த்தியிருந்தது. பழைய வகையை ஏற்கெனவே எதிர்த்துப் பழகிய பெரியவர்களின் உடலும் இதை அடையாளம் காணவில்லை. சில மாதங்களில் அது கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவியது.

தூங்குகிறது, இறக்கவில்லை

தண்ணீரில் கிருமி உண்டா என்று சோதனைச்சாலையில் எப்படிப் பார்க்கிறார்கள்? உணவுக் கூழ் பரப்பிய தட்டில் நீரைத் தடவி வைப்பார்கள். உயிருள்ள கிருமி பெருகிப் புள்ளியாகத் தெரியும். புள்ளி இல்லையேல் கிருமி இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

1982இல் கோல்வெல்லின் குழு இதில் ஓர் ஓட்டையைக் காட்டியது. குளிரோ உணவுப் பஞ்சமோ வந்தால் விப்ரியோ காலரே சுருங்கி, வளைந்த உருவம் மாறி, சிறு உருண்டையாகிவிடுகிறது. அந்த நிலையில் தட்டில் வைத்தால் வளராது. ஆனால் இறந்தும் போகவில்லை. உயிர் இயக்கம் மெல்ல நடந்துகொண்டே இருக்கிறது. குடலுக்குள் சென்றதும் மீண்டும் பழைய வடிவம் பெற்று வளரக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. வயலில் நீர் வற்றியதும் மண்ணுக்குள் உறங்கி, மழை கண்டதும் கத்தும் தவளையை நீங்கள் அறிவீர்கள். ஏறத்தாழ அப்படித்தான் இதுவும். இப்போது மரபணுவையே தேடும் சோதனைகள் வந்துவிட்டதால் தூங்கும் கிருமியையும் ஓரளவு பிடிக்க முடிகிறது. ஆயினும் ஒரு நாள் எடுத்த ஒரு குவளை நீரில் கிருமி இல்லை என்ற சான்றிதழை வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் நிம்மதியாக இருப்பது அறிவுடைமை ஆகாது.

இதற்கு மாறாக, டைபாய்டுக் கிருமியைப் பாருங்கள். அதுவும் நீர் வழியே வருவதுதான். ஆனால் அதற்கு நீர் நிரந்தர வீடன்று. மனிதன் மட்டுமே வீடு. நீரில் அது சில நாளோ சில வாரமோ தாக்குப்பிடிக்கும், பிறகு மடியும். ஆகவே டைபாய்டைப் பெரியம்மை போல் ஒழிக்க முடியும் என்று நாம் கனவாவது காணலாம். காலராக் கிருமியைப் பொறுத்தவரை அந்தக் கனவுக்கும் இடமில்லை. வங்க விரிகுடாவையும் அதில் விழும் ஆறுகளையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ யாரால் முடியும்?

அப்படியானால் கைகட்டி நிற்பதா?

"கிருமி இயற்கையிலேயே இருக்கிறது, அது வந்தே தீரும், நாம் என்ன செய்ய முடியும்?" என்று சிலர் கேட்கக்கூடும். இந்த வாதம் தவறு. தவறு என்பதற்குச் சான்று ஹெய்ட்டி நாடு.

ஹெய்ட்டி ஒரு தீவின் பகுதி. சுற்றிலும் இளஞ்சூடான கடல். அங்கே ஏறத்தாழ நூறாண்டுகளாகக் காலரா இருந்ததாகப் பதிவு இல்லை. 2010 அக்டோபரில் திடீரென்று வெடித்தது. ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். கிருமியின் மரபணுவை ஆராய்ந்தபோது அது நேபாளத்தில் அப்போது பரவியிருந்த கிருமியோடு ஒத்திருந்தது. நேபாளத்திலிருந்து வந்த ஐ.நா. அமைதிப்படையினர் தங்கிய முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததே காரணம் என்று தெரிந்தது. கடல் அங்கே எப்போதும் இருந்தது. கொள்ளைநோயைக் கொண்டுவந்தது மனிதக் கழிவு.

இதில் விஞ்ஞானிகளிடையே விவாதம் உண்டு. சூழலே முதன்மை என்பார் ஒரு சாரார். மனிதப் பயணமே முதன்மை என்பார் மற்றொரு சாரார். நமக்கு இரண்டுமே ஒரே பாடத்தைத்தான் கற்பிக்கின்றன. கடுமையான காலராவில் நோயாளி ஒருவர் ஒரு நாளில் 10 லிட்டருக்கும் மேல் நீரை இழக்கலாம். அதன் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 1 கோடிக்கும் மேற்பட்ட கிருமிகள் இருக்கலாம். வெளியேறிய முதல் சில மணி நேரம் அவற்றின் நோய்தரும் ஆற்றலும் மிகுதி. ஆகவே காக்க வேண்டிய வழிகள் இரண்டு. மனிதக் கழிவு நீருக்குப் போகும் வழி ஒன்று. நீர் நம் வாய்க்கு வரும் வழி மற்றொன்று. இவ்விரு வழிகளையும் அடைத்துவிட்டால் கிருமி கழிமுகத்தில் கோபிபாடோடு குடும்பம் நடத்தட்டும், நமக்கு என்ன?

தெருக்குழாயின் கதை

இனி தட்டாஞ்சாவடிக்கு வருவோம். புதுச்சேரி நகரத்தின் குடிநீர் பெரும்பாலும் நிலத்தடி நீரே. சற்றுத் தொலைவில் உள்ள முத்திரையர்பாளையத்து ஊற்று நீரை 1860களில் பிரெஞ்சுக்காரர்கள் நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம் அதன் நினைவுச் சின்னம். ஆழ்குழாய்க் கிணற்று நீர் பெரும்பாலும் கிருமி குறைந்ததாகவே வெளியே வருகிறது. ஆபத்து அதன்பின் தொடங்குகிறது.

நம் ஊர்த் தெருக்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் பல இடங்களில் அடுத்தடுத்தே செல்கின்றன. குழாயில் நீர் அழுத்தத்தோடு ஓடும்போது ஓட்டை வழியே நீர் வெளியே பீறிடும். நீர் விடுவது நின்றதும் அழுத்தம் விழுந்துவிடும். அப்போது சுற்றியுள்ள சாக்கடை நீர் அதே ஓட்டை வழியே உள்ளே போகும். போதாக்குறைக்கு, நம் வீட்டுத் தொட்டி முதலில் நிரம்ப வேண்டும் என்று குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறோம். அந்த உறிஞ்சலில் சாக்கடையும் சேர்ந்தே வருகிறது! காரைக்காலிலும் குழாய்க் கசிவும் அதன் வழியே கலந்த கழிவு நீருமே காரணமாகச் சுட்டப்பட்டன.

உள்ளே புகுந்த கிருமிகளில் சில குழாயின் உட்சுவரில் படியும் வழவழப்பான படலத்தில் ஒளிந்துகொள்கின்றன. குளத்தில் கோபிபாடின் ஓடு செய்த வேலையை இங்கே இந்தப் படலம் செய்கிறது. நீரில் உள்ள குளோரின் அதன் அடிவரை எளிதில் எட்டுவதில்லை. ஆகவே மேல்நிலைத் தொட்டியில் ஒரு நாள் மருந்து போட்டால் போதாது. தெருவின் கடைசிக் குழாயிலும், ஒவ்வொரு நாளும், ஒரு லிட்டர் நீருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். அதுதான் நம் நாட்டின் தர அளவு.

இங்கேதான் என் குறை. நோய் வந்ததும் தெருவோரம் வெள்ளைப் பொடி தூவுகிறோம். அது கண்ணுக்குத் தெரிகிறது. மக்களுக்கு ஆறுதலாக இருக்கிறது. மண்ணில் விழுந்த பொடி குழாய்க்குள் இருக்கும் கிருமியை என்ன செய்யும்? அந்தச் செலவும் உழைப்பும் பழைய குழாயை மாற்றவும், சாக்கடையிலிருந்து அதை விலக்கிப் பதிக்கவும், நீரின் அழுத்தம் விழாமல் காக்கவும் போக வேண்டும். கடைசிக் குழாயின் குளோரின் அளவை நாள்தோறும் அளந்து, தெரு மக்கள் பார்க்கும்படி பலகையில் எழுதி வைக்க வேண்டும். ரேஷன் கடையில் இருப்பு விவரம் எழுதி வைப்பதில்லையா?

"வசதியுள்ளவர் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாமே" என்பார்கள். வாங்கட்டும். ஆனால் தொழிற்பேட்டையில் நாள் முழுவதும் வேலை செய்பவர், சாலையோரக் கடையில் ஒரு குவளை நீர் கேட்டுக் குடிப்பவர், பள்ளிக் குழாயில் கை ஏந்திக் குடிக்கும் உங்கள் தம்பி எல்லாரும் எங்கே போவார்கள்? ஒரு தெருவில் ஒரு வீட்டின் கழிவு நீரில் கலந்தாலும் எல்லாருக்கும்தான் ஆபத்து.

நீங்கள் செய்யக்கூடியவை

வங்கதேசத்தின் மத்லாப் பகுதியில் 65 கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2003இல் வெளியாயிற்று. பழைய பருத்திச் சேலையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்து, அதில் நீரை வடிகட்டிக் குடிக்கும்படி பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது! கிருமி துணியில் நுழைந்துவிடும். ஆனால் ஆயிரக்கணக்கான கிருமிகளைச் சுமந்துவரும் கோபிபாட் நுழையாது. கிருமியின் வீட்டை அறிந்ததால் கிடைத்த உபாயம் இது. குடத்து வாயில் வெள்ளைத் துணி கட்டிய நம் பாட்டிமார்கள் இதை அறிந்தால் மகிழ்வார்கள். ஆனால் குழாயில் சாக்கடை கலந்த நீருக்கு இந்த வடிகட்டல் போதாது. அங்கே தனித்தனியாக மிதக்கும் கிருமிகளும் இருக்கும். அதை நன்றாகக் கொதிக்க வைத்து, கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது விட்டு, ஆறவைத்து, மூடி வைத்துக் குடிக்க வேண்டும்.

உங்கள் அறிவியல் ஆசிரியரின் உதவியோடு குளோரோஸ்கோப் என்னும் சிறு சோதனைப் பெட்டியைப் பெறுங்கள். நீரில் சில துளி சோதனைத் திரவம் விட்டால், குளோரின் இருப்பதற்கு ஏற்ப மஞ்சள் நிறம் தோன்றும். பள்ளிக் குழாய், உங்கள் தெருவின் முதல் குழாய், கடைசிக் குழாய் ஆகிய மூன்றிலும் ஒரு மாதம் நாள்தோறும் அளந்து நோட்டுப் புத்தகத்தில் குறியுங்கள். குழாய்ச் சோதனையை ஆசிரியர் பார்வையிலேயே செய்யுங்கள். சோதித்த நீரைக் குடிக்காதீர்கள். நிறமே தோன்றாத நாட்கள் பல இருந்தால், அந்தக் கணக்கைப் பள்ளியின் பெயரால் உழவர்கரை நகராட்சிக்கு எழுதி அனுப்புங்கள். "தண்ணீர் சரியில்லை" என்ற புகாரை விட, தேதியும் அளவும் இட்ட ஒரு பக்கக் கணக்குக்கு மதிப்பு அதிகம்.

வீட்டில் குழாயில் நேராக மோட்டார் வைத்திருந்தால், அது ஏன் கூடாது என்பதை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் அந்த ஒன்றையாவது இன்றே சொல்லிவிடுங்கள்.